தரம் போதவில்லை

சலவைக் கடைக்கும் வரிக்கணக்குக் கடைக்கும் நடுவில்
எங்கள் அலுவலகம்.
சூ ஃபால்ஸில் அதைத் தேடி வருகிறவர்கள்
முதலில் அழுக்குத்துணிக்காரர்களிடம்தான் வழி கேட்பார்கள்.
பதினொரு வருடமாக என் வேலை
அந்நியர்களின் கையைப் பிடிப்பது.
நான்கு விரல் சேர்த்து, பிறகு பெருவிரல்,
பிறகு ஒவ்வொன்றாக, நகத்தோரம் வரை.
கையைத் தளர்த்துங்கள், நானே உருட்டுகிறேன் என்பேன்.
யாரும் தளர்த்த மாட்டார்கள்.

லெத்தெப்ரஹான் தளர்த்தினாள்.
மார்ச், காலை எட்டரை.
இரவு ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தாள்,
கை பிசைந்த மாவாய்க் கனத்தது.
திரையில் வந்ததோ பனி மூடிய வயல்:
வெள்ளை, வெள்ளை, ஓரத்தில் ஒரு வேலி.
தரம் போதவில்லை என்றது இயந்திரம்.
துடைத்தேன், ஈரம் தொட்டேன், மறுபடி உருட்டினேன்.
தரம் போதவில்லை.

பன்றித் தோளிலிருந்து எலும்பு பிரிக்கும் வேலை என்றாள்.
மணிக்கு இத்தனை என்று ஓர் எண் சொன்னாள்.
நம்பாமல் பார்த்தேன். அதே எண்ணை மறுபடி சொன்னாள்.
கத்தி இல்லை காரணம்,
கத்தி கழுவுகிற தண்ணீர்.

பச்சை அட்டைக்கு ஆறு வருடம் முன் கொடுத்த ரேகை
எங்கோ ஒரு கோப்பில் முழுசாக இருக்கிறது.
எனக்கு அதைத் திறக்க அனுமதி இல்லை.
அவள் போன பிறகு கண்ணாடியைப் பார்த்தேன்,
துடைக்க எதுவும் இல்லை.
துடைத்தேன்.

ஆலோசனை சொல்லக் கூடாது என்பது விதி.
சுவரில் ஒட்டியிருக்கிறது,
அதன் கீழே நின்றுதான் க்ளென் காபி குடிப்பார்.
ஆகவே நான் அவளுக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை,
என் மனைவிக்குக் குளிரில் கை வெடிக்கும் கதையைத் தவிர.
மூன்று வாரம் கிளிசரின், ராத்திரி பருத்திக் கையுறை,
அத்தனை நாளும் பாத்திரம் நான்தான்.
"துணியும் நீங்களா?" என்று கேட்டாள்.
இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த தேதி ஏப்ரல் இருபத்தொன்பது.
இடையில் நடந்தது பிற்பாடு தெரிந்தது:
பெட்டி அடுக்கும் நா முவே என்கிற கரென் பெண்
தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு
கத்திக்கு மாறிக்கொண்டாளாம்.
இரண்டு பேரும் ஒரே உயரம்,
முகமூடி, வலைத்தொப்பி, வெள்ளை அங்கி.
மேற்பார்வையாளர் மூன்று வாரமும்
பெயர் மாற்றித்தான் திட்டியிருக்கிறார்.

ஏப்ரலில் கை மெத்தென்றிருந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டினேன்.
திரையில் இரண்டு கோடுகள் எழுந்து
எட்டிப் பார்த்து
அமுங்கின.
இந்த முறை அவளே வாசித்தாள்,
ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சைக்குப் படிப்பதுபோல்.

இரண்டு தடவை தவறினால்
விரல் சொல்லாததை ஊர் சொல்ல வேண்டும்.
ஐந்து வருடத்தில் குடியிருந்த ஒவ்வோர் ஊரின் போலீசும்
இவள் பேரில் ஒன்றுமில்லை என்று எழுதித் தர வேண்டும்.
மூன்று ஊர். இரண்டு ஊர் எழுதிவிட்டன.
மூன்றாவதில் காவல் நிலையத்தையே மூடிவிட்டார்கள்,
அந்தக் கட்டடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
அங்கிருந்து ஷெரீஃப், ஷெரீஃபிடமிருந்து கவுண்டி,
கவுண்டியில் ஓர் அம்மாள், அவர் விடுப்பில்,
விடுப்பு முடிந்து வந்தவர் வேறொரு படிவம் கேட்டார்.
எதுவும் செய்யாததை நிரூபிக்க
நூற்றுப் பன்னிரண்டு டாலர், நான்கு நாள் சம்பளப் பிடித்தம்.

நவம்பரில் சலவைக் கடையில் பார்த்தேன்.
துணிக்கூடையில், ஈரத் துண்டுகளுக்கு நடுவே
கையகலக் கொடி ஒன்று செருகியிருந்தது.
"வியாழக்கிழமை," என்றாள், "நீதிபதிக்கு ஜலதோஷம்."
படம் காட்டப் புது ஃபோனை எடுத்தாள்,
பெருவிரலை வைத்தாள். திறக்கவில்லை.
அங்கியில் தேய்த்துவிட்டு வைத்தாள். திறக்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தவள்
சிரிப்பு தாங்காமல் கையை நீட்டினாள்,
தளர்த்தி, மணிக்கட்டு தொங்க,
நீங்களே உருட்டுங்கள் என்பதுபோல்.

பழக்கம், நானும் பிடித்துவிட்டேன்.
பின்னால் உலர்த்தி ஒன்று
காசு தீர்ந்து நின்றது.